சிறு விமானமும் சிறு திருகாணியும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம்மவர் பழமொழி. தேர் எவ்வளவு உயரமானதாயினும், வடம் பிடிப்போர் எத்தனை ஆயிரவராயினும், சக்கரம் கழன்று போகாமல் காப்பது சாண் நீளம்கூட இல்லாத ஓர் ஆணியே. தேருக்குச் சொன்ன இம்மொழி ஆகாய விமானத்திற்கு இன்னும் நூறு மடங்கு பொருந்தும். தேரின் ஆணி கழன்றால் தேர் வீதியில் நின்றுவிடும். விமானத்தின் ஆணி கழன்றால் நிற்பதற்கு வானத்தில் இடமில்லை.

தாய்நாட்டுப் பகுதியை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு விமானம் அந்நியமான பொருளன்று. ஊருக்குப் போய்வர இரண்டு இரவும் ஒரு பகலும் ரயிலில் கழித்த காலம் மாறி, ஒரு பிற்பகலில் சென்னையை அடையும் காலம் வந்துவிட்டது. ஆனால் நூற்றுக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் பெரிய விமானத்தைப் பற்றியதன்று இக்கட்டுரை. பறக்கும் பயிற்சிக் கழகங்களில் இளைஞர்கள் ஓட்டிப் பழகும் இரண்டு, நான்கு ஆசன விமானங்களையும், சிறு ஊர்களை இணைக்கும் பத்தொன்பது, முப்பது ஆசன விமானங்களையும் பற்றியே இங்குப் பேசுகிறோம். விமானியாக வேண்டும் என்று மகளோ மகனோ ஆசைப்படும் வீடுகள் நம்மிடையே பெருகி வருகின்றன. விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவ்வீடுகளில் தாய்மார் கேட்கும் கேள்வி ஒன்றே: "அந்தச் சின்ன விமானம் பத்திரமானதுதானா?"

இக்கேள்விக்கு "ஆம்" என்றும் சொல்லிவிட இயலாது. "இல்லை" என்றும் சொல்லிவிட இயலாது. "அதனைப் பேணும் கைகள் எத்தகையவை?" என்று திருப்பிக் கேட்பதே நேர்மையான விடையாகும். ஏன் அப்படி என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதல் தபால் விமானம்

இந்தியாவில் விமானப் போக்குவரத்து சிறு விமானத்தில்தான் தொடங்கியது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளுடன் புறப்பட்டு, ஆமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹுவில் வந்து இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி அத்தபாலைப் பெற்றுக்கொண்டு பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். நம் சென்னைக்கு விமானத் தபால் வந்த கதை இது. அப்போது டாட்டா ஓட்டிய விமானம் "பஸ் மாத்" என்னும் ஒற்றை என்ஜின் விமானம்.

இந்தப் பஸ் மாத் விமானத்திற்கு வேறொரு வரலாறும் உண்டு. 1930 முதல் 1933 வரையிலான சில ஆண்டுகளில் இவ்வகை விமானங்கள் சில, வெவ்வேறு நாடுகளில், பறந்துகொண்டிருக்கும்போதே சிறகு முறிந்து வீழ்ந்தன. இங்கிலாந்தில் நிபுணர்கள் கூடி ஆராய்ந்தனர். கொந்தளிக்கும் காற்றில் சிறகு எவ்வாறு அதிர்கிறது என்பதைக் கண்டு, அதனைத் தாங்கும் பகுதியை வலுப்படுத்தினர். அதன்பின் அவ்விமானங்கள் பல்லாண்டுகள் நன்றாகவே பறந்தன. விபத்தை விதி என்று விட்டுவிடாமல் காரணத்தைத் தேடிக் கண்டதனால் விளைந்த நன்மை இது. விமானத் துறையின் பாதுகாப்பு முழுவதும் இந்த ஒரு பழக்கத்தின்மீதே எழுந்து நிற்கிறது.

சிறியதன் வலிமையும் மெலிவும்

பெரிய விமானத்தில் இன்றியமையாத உறுப்புகள் ஒன்றுக்கு இரண்டாகவோ மூன்றாகவோ அமைந்திருக்கும். ஒரு என்ஜின் நின்றால் மற்றொன்று காக்கும். பயிற்சிக்குரிய சிறு விமானத்தில் என்ஜின் ஒன்றே. சக்கரம் முதல் சிறகு வரை பல உறுப்புகளுக்கு மாற்று இல்லை. பெரிய நிறுவனத்தில் நூற்றுக்கணக்கான பராமரிப்புப் பொறியாளர்கள் முறை வைத்து வேலை செய்வர். சிறு கழகத்தில் ஒரு கொட்டகை, ஓரிரு பொறியாளர், சில உதவியாளர் என்ற அளவிலேயே எல்லாம் நடக்கும். ஒருவர் விடுப்பில் சென்றால் அவருடைய கண்ணுக்கு மாற்றாக வேறு கண் இல்லாமற் போகலாம்.

ஆயினும் சிறு விமானம் இயல்பிலேயே ஆபத்தானது என்று எண்ணிவிடலாகாது. உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் "செஸ்னா 172" என்ற நான்கு ஆசன விமானத்தின் என்ஜின் வானில் நின்றுபோனாலும், அது கல்லைப்போல் விழுவதில்லை. ஆயிரம் அடி உயரத்தில் இருந்தால், ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் தூரம் மிதந்து சென்று ஒரு வயல்வெளியில் இறங்கக்கூடும். அதன் என்ஜினில் தீப்பொறி உண்டாக்கும் மாக்னெட்டோ இரண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க் பிளக் இரண்டு. ஒரு வரிசை பழுதானாலும் மற்றது வேலை செய்யும். ஒவ்வொரு முறை புறப்படுமுன்னும் விமானி ஒரு மாக்னெட்டோவை நிறுத்தி மற்றதைச் சோதித்துப் பார்ப்பது இதனால்தான்.

இத்தகைய விமானங்களின் வயதும் கவனிக்கத்தக்கது. செஸ்னா நிறுவனம் 1986இல் இவ்வகை விமானங்களைச் செய்வதை நிறுத்தியது. விபத்து வழக்குகளில் நஷ்ட ஈட்டுச் சுமை தாங்க முடியாமற் போனதே அதற்குக் காரணம். 1994இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி, 18 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறு விமானங்களுக்குச் செய்தவர்மீது வழக்குத் தொடுப்பதை வரையறுத்தது. பின்னர் 1996இல்தான் உற்பத்தி மீண்டும் தொடங்கிற்று. இடையில் பத்தாண்டு வெற்றிடம். ஆகவே தாத்தா வயதுள்ள விமானங்கள் இன்றும் உலகில் பறந்துகொண்டிருக்கின்றன. பழைய வீடு உறுதியாக இருப்பதும் இடிந்து விழுவதும் குடியிருப்போர் கையில் இருப்பதுபோலத்தான் இதுவும்.

சிறு விமானங்களில் பழுது வரும் வழிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: கண்ணுக்குத் தெரியாத பழுது, கண்டும் கருதாத பழுது, கையே செய்த பழுது. ஒவ்வொன்றுக்கும் உலகறிந்த சான்று உண்டு.

கண்ணுக்குத் தெரியாத பழுது

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், அமெரிக்காவின் டேட்டோனா பீச் நகரில், புகழ்பெற்ற விமானப் பல்கலைக்கழகம் ஒன்றின் பயிற்சி விமானம் தரையைத் தொட்டு மீண்டும் மேலெழும்பியபோது இடது சிறகு முறிந்து வீழ்ந்தது. மாணவர் ஒருவரும் அவரைச் சோதிக்க வந்த தேர்வாளரும் மாண்டனர். அந்தப் "பைப்பர்" விமானம் பழையதன்று, 2007இல் செய்யப்பட்டது. ஆனால் அதற்குள் ஏழாயிரத்து ஐந்நூறு மணிக்கு மேல் பறந்திருந்தது. பயிற்சி விமானமாதலால் தாழ்ந்த உயரத்தில், காற்றின் மோதலில், ஆயிரமாயிரம் முறை ஏறி இறங்கியிருந்தது.

ஓர் இரும்புக் கம்பியை இருபுறமும் பலமுறை வளைத்தால் ஓரிடத்தில் ஒடிவதை எல்லோரும் கண்டிருப்போம். உலோகத்திற்கும் களைப்பு உண்டு. சிறகின் உள்ளே முதுகெலும்புபோல் ஓடும் தண்டில், ஆணி நுழையும் துளையின் ஓரத்தில், மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றி நாள்தோறும் வளர்ந்து வந்திருக்கிறது. வெளியே இருந்து பார்த்தவர் கண்ணுக்கு அது தெரிய வழியில்லை. பின்னர் அமெரிக்க விமானத் துறை, இவ்வகை விமானங்களில் மிகுதியாக உழைத்தவற்றின் ஆணித் துளைகளை மின்சுழல் கருவியால் சோதிக்க வேண்டும் என்று 2021இல் கட்டளையிட்டது. உலோகத்தில் மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்டி, அது ஓடும் வழியில் தடை உண்டா என்று காட்டும் கருவி அது. கண் காணாததைக் காணக் கருவி வேண்டும். கருவி வாங்கப் பணம் வேண்டும். பணம் செலவிட மனம் வேண்டும்.

விமானத்தின் வயதை ஆண்டுக் கணக்கில் மட்டும் பார்ப்பது போதாது, எத்தனை மணி, எத்தகைய உழைப்பு என்பதையும் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை இவ்விபத்து கற்பித்தது.

கண்டும் கருதாத பழுது

இரண்டாம் வகை இன்னும் வருந்தத்தக்கது. 2005ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள், மயாமியிலிருந்து பிமினித் தீவுக்குப் புறப்பட்ட ஒரு நீர்விமானம், மேலெழும்பிய சிறிது நேரத்தில் வலது சிறகு பிரிந்து கடலில் விழுந்தது. 20 பேர் மாண்டனர். பலர் கிறிஸ்துமஸ் பண்டிகைக்காகச் சென்றுகொண்டிருந்தவர்கள். விமானம் 1947இல் செய்யப்பட்டது. அப்போது அதற்கு வயது 58.

விசாரணையில் வெளிவந்த செய்தி நெஞ்சைச் சுடுவது. அவ்விமானத்தின் சிறகிலிருந்து எரிபொருள் கசிந்துகொண்டிருந்தது. கசிவு கண்ட இடத்தில் அடைப்புப் பசை பூசினார்கள். மீண்டும் கசிந்தது; மீண்டும் பூசினார்கள். "ஏன் கசிகிறது?" என்று ஆழ்ந்து பார்த்திருந்தால், சிறகின் உலோகம் உள்ளே வெடித்திருப்பது தெரிந்திருக்கும். முன்பே அவ்விடத்தில் செய்திருந்த ரிப்பேரும் பயனற்றதாயிருந்தது. கூரை ஒழுகும்போது பாத்திரம் வைத்துத் தண்ணீரைப் பிடித்தால் கூரை சரியாகுமா?

மற்றொன்றும் வெளிவந்தது. அந்நிறுவனத்தின் விமானிகள் சிலர் பராமரிப்பின் தரத்தைப் பற்றி முன்னமே கவலை தெரிவித்திருந்தனர். சிலர் அதனாலேயே வேலையை விட்டு விலகினர். விமானத்தை நாள்தோறும் கையாள்பவன் "எனக்கு மனம் ஒப்பவில்லை" என்று சொல்வது ஓர் அளவுமானி காட்டும் எண்ணைப் போன்றது. அதனைக் குறையாடல் என்று ஒதுக்கியவர்கள் பிறகு கண்ணீரோடு வருந்த நேர்ந்தது.

கையே செய்த பழுது

மூன்றாவது வகையைக் கேட்டால் வியப்பு உண்டாகும். பழுது பார்ப்பதனாலேயே பழுது உண்டாவது இது.

1991ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்தில் லரேடோ நகரிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்துகொண்டிருந்த முப்பது ஆசன "பிரசிலியா" விமானம் ஈகிள் லேக் என்ற ஊருக்கருகே வானிலேயே சிதைந்து விழுந்தது. அதிலிருந்த 14 பேரும் மாண்டனர். முந்தின இரவு கொட்டகையில் வாலின் கிடைச்சிறகில் பனி படியாமல் தடுக்கும் ரப்பர் உறையை மாற்றும் வேலை நடந்தது. முதல் அணியினர் இரு பக்கத்து மேல் திருகாணிகளையும் கழற்றத் தொடங்கினர். இடப்பக்கத்தில் கழற்றியவை 47. அடுத்த அணி வந்தது, வலப்பக்க வேலையை முடித்தது, இடப்பக்கத்தைத் தொடவில்லை. கழற்றியவர் எழுதி வைக்கவில்லை. வந்தவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. இருட்டில், உயரத்தில் இருந்த வாலின் மேற்புறம் கீழே நின்றவர் கண்ணுக்குப் படவுமில்லை. மறுநாள் காலை அவ்விமானம் முதற் பயணத்தை நலமாகவே முடித்தது. திரும்பும் வழியில் வீழ்ந்தது.

எல்லோரும் அனுபவமுள்ளவர்கள், எவரும் தீங்கு நினைத்தவர் அல்லர். எழுதப்படாத ஒரே வரி 14 உயிரைக் கொண்டு போயிற்று. செய்யாத வேலையைவிட, பாதி செய்து எழுதாமல் விட்ட வேலையே கொடியது.

மற்றொரு சான்று. 2003ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், வட கரோலினாவின் சார்லட் நகரில் பத்தொன்பது பிரயாணிகளும் இரு விமானிகளும் சென்ற "பீச் 1900" விமானம், ஓடுபாதையை விட்டு எழுந்ததும் மூக்கைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு, வேகமிழந்து, ஒரு கொட்டகையின்மேல் விழுந்தது. 21 பேரும் இறந்தனர். இரண்டு இரவுகளுக்கு முன், வாலில் உள்ள எலிவேட்டரை இயக்கும் கம்பிவடத்தின் இறுக்கத்தைச் சரிசெய்திருந்தார்கள். விமானத்தின் மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் பலகைதான் எலிவேட்டர். அந்த வேலையை அவ்வகை விமானத்தில் அதற்குமுன் செய்தறியாத ஒருவர் செய்தார். கைநூலில் கண்ட சில படிகளை விட்டுவிட்டார். அதன் விளைவாக, மூக்கைத் தாழ்த்த வேண்டிய அசைவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்து போயிற்று. அவருக்கு வேலையைக் கற்றுக் கொடுத்தவரும், வேலை முடிந்ததும் பரிசோதித்துக் கையொப்பமிட்டவரும் ஒருவரே. கற்பித்தவர் தம் மாணவர் வேலையைப் புதிய கண்ணோடு எப்படிப் பார்க்க முடியும்?

அவ்விமானம் இடையில் பலமுறை தீங்கின்றிப் பறந்தது. ஆனால் அன்று பாரம் அதிகம். அதுவும் பின்புறத்தில் மிகுந்திருந்தது. பிரயாணிகளுக்கு இத்தனை எடை என்று சராசரியாக வைத்திருந்த பழைய கணக்கும் உண்மைக்குக் குறைவாயிருந்தது. அந்தக் கணக்கை அமெரிக்க அரசு பின்னர்த் திருத்தியது. 2005இல் அந்நிறுவனம் இறந்தோர் குடும்பங்களின் முன் பகிரங்கமாகத் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. விமான உலகில் இது அரிய நிகழ்ச்சி.

தொட்டால் கெடுமா?

"அப்படியானால் தொடாமலே விட்டுவிடலாமே" என்று சிலருக்குத் தோன்றலாம். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் வாடிங்டன் என்ற உயிரியல் விஞ்ஞானி, கடற்காவல் விமானங்களின் பழுதுக் கணக்குகளை ஆராய்ந்தார். ஒவ்வொரு 50 மணிப் பறப்புக்குப் பின்னும் நடக்கும் பெரும் பரிசோதனையை அடுத்து உடனே பழுதுகள் மிகுந்தும், பின்னர் நாளடைவில் குறைந்தும் வருவதை அவர் கண்டார். தேவையற்ற இடத்தையெல்லாம் கழற்றிப் பூட்டுவதே பழுதுக்கு வாயிலாகும் என்பது தெளிவாயிற்று.

ஆனால் அவர் சொன்ன முடிவு "பரிசோதிக்காதீர்" என்பதன்று. "காரணம் அறிந்து பரிசோதியுங்கள்" என்பதே. இன்று பயிற்சி விமானங்களை 50 மணி, 100 மணி எனப் பறந்த கணக்கிற்கேற்பப் பரிசோதிக்கிறார்கள். செஸ்னாவில் உள்ளவை போன்ற என்ஜின்களை ஏறக்குறைய 2,000 மணி உழைத்தபின் முழுவதும் பிரித்து ஓவர்ஹால் செய்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் கைநூல் உண்டு. ஒவ்வொரு கைநூல் படிக்கும் கையொப்பம் உண்டு. முக்கியமான உறுப்புகளில் ஒருவர் செய்த வேலையை மற்றொருவர் தனியே பார்த்து ஒப்பமிட வேண்டும் என்பது விதி. இந்த "இரண்டாம் கண்" வெறும் சடங்காகிப் போகும் இடத்தில்தான் விபத்து காத்திருக்கிறது.

பராமரிப்பில் நேரும் தவறுகளுக்கு மனிதக் காரணங்கள் பன்னிரண்டு என்று கனடாவில் கார்டன் டுபாண்ட் என்பவர் 1993இல் தொகுத்தார். சொல்லவேண்டியதைச் சொல்லாமை, "எல்லாம் தெரியும்" என்ற மெத்தனம், அறியாமை, கவனச் சிதறல், உடற்சோர்வு, மேலிடத்து நெருக்கடி, மறுத்துப் பேசத் துணிவின்மை ஆகியன அவற்றுள் சில. அவற்றைப் படிக்கும்போது இவை விமானக் கொட்டகைக்கு மட்டும் உரியனவா, நம் வீட்டிற்கும் அலுவலகத்திற்கும் உரியனவா என்ற ஐயம் எழுகிறதன்றோ?

நம் நாட்டில்

பம்பாயில் வாழும் நம் அன்பர்கள் 2018ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாளை மறந்திருக்க மாட்டார்கள். பராமரிப்பு வேலைக்குப் பின் சோதனைப் பறப்பில் ஜூஹுவிலிருந்து கிளம்பிய "கிங் ஏர்" என்னும் இரட்டை என்ஜின் சிறு விமானம், மக்கள் நெருக்கமான காட்கோபரில், கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த நால்வரும், கீழே சென்றுகொண்டிருந்த ஒருவரும் உயிரிழந்தனர். அந்நால்வருள் இருவர் விமானிகள். மற்ற இருவர் பராமரிப்புப் பணியாளர்கள். சோதனைப் பறப்பில் தம் உயிரையும் உடன்வைத்துச் செல்லும் தொழில் அவர்களுடையது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தியாவில் விபத்துகளை ஆராய 2012இல் தனி அலுவலகம் ஏற்பட்டது. பராமரிப்புப் பொறியாளருக்கு உரிமம் வழங்குவதும், கழகங்களையும் பட்டறைகளையும் மேற்பார்வையிடுவதும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பொறுப்பு. சிறு ஊர்களை வானால் இணைக்கும் "உடான்" திட்டம் 2017இல் பறக்கத் தொடங்கிற்று. கான்பூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை செய்த "டோர்னியர் 228" என்ற விமானம் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அஸ்ஸாமின் திப்ருகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றது. சிறு விமானங்கள் பெருகும் காலம் இது. அவற்றுடன் தகுதியுள்ள கைகளும் பெருக வேண்டும்.

நம் நாட்டுத் தட்பவெப்பமும் தனிக் கவனத்தைக் கேட்கிறது. கடலோர நகரங்களில் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். மழைக்காலத்தில் இரவு முழுவதும் அரைகுறையாய் எரிபொருள் நிரம்பிய தொட்டியில் ஈரம் துளிர்த்து, நீர் அடியில் தங்கும். காலையில் அதை வடித்துப் பார்க்காமல் கிளம்பினால் மேலே சென்றதும் என்ஜின் நிற்கும். கார்புரேட்டர் உள்ள என்ஜினில், வெளியே வெயில் அடித்தாலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் உள்ளே பனிக்கட்டி கட்டிக்கொள்ளும். எரிபொருள் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். சில நாள் நின்ற விமானத்தின் வேகமறியும் குழாயில் குளவி கூடு கட்டிவிடும். 1996இல் டொமினிக்கன் குடியரசில் 189 பேர் மாண்ட பெரிய விமான விபத்திற்கே, மூடி போடாமல் விட்ட குழாயில் குளவி கட்டிய கூடு காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கருதினர். குளவிக்கு விமானம் சிறிதா பெரிதா என்பது தெரியுமா?

எண்ணெய்க் கறை படிந்த கைகள்

1903இல் ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்தார்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். அவ்விமானத்தின் என்ஜினை ஏறக்குறைய ஆறு வாரத்தில் தம் கையால் உருவாக்கிய சார்லி டெய்லர் என்ற தொழிலாளியை அறிந்தவர் சிலரே. பறப்பவனுக்குப் புகழ், பறக்கச் செய்பவனுக்கு மௌனம் என்ற வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

நம்மவருக்கும் இத்தொழிலில் பெருமைக்குரிய தொடர்பு உண்டு. குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கிய சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் விமானப் பொறியியல் பயின்ற ராமேசுவரத்து இளைஞர் ஒருவர், பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்து, விமான என்ஜின்களைப் பிரித்துச் சீர்செய்யும் அணியில் வேலை செய்தார். பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம்தான் அவர். விண்கலம் செய்யும் கனவு கண்டவர் முதலில் கற்றது தேய்ந்த என்ஜினைச் சீர்செய்யும் பாடம்.

ஆகவே விமானப் பராமரிப்புத் தொழிலை "மெக்கானிக் வேலைதானே" என்று எவரும் இழிவாகப் பேசலாகாது. மருத்துவர் ஒரு நேரத்தில் ஒருவர் உயிரைக் கையில் ஏந்துகிறார். இப்பொறியாளர் ஒரு கையொப்பத்தில் பலர் உயிரை ஏந்துகிறார்.

பெற்றோர் செய்யத்தக்கன

பிள்ளையைப் பறக்கும் கழகத்தில் சேர்க்கும் பெற்றோர், கட்டணத்தையும் தங்கும் விடுதியையும் மட்டும் விசாரித்துத் திரும்பிவிடுவது வழக்கம். இன்னும் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். கழகத்தில் எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் உள்ளன? உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் எத்தனை பேர்? ஒருவர் செய்த வேலையை வேறொருவர் சரிபார்க்கிறாரா? விமானம் மழையில் நிற்கிறதா, கொட்டகையில் நிற்கிறதா? மாணவர் ஒரு குறையைச் சொன்னால் அதனை எங்கே எழுதுகிறார்கள். யார் பதில் சொல்கிறார்கள்? இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் விடை தரும் கழகம் நல்ல கழகம். ஒருமுறை கொட்டகையைப் பார்த்துவிட்டு வருவதும் நன்று. கருவிகள் அவற்றிற்குரிய இடத்தில் ஒழுங்காகத் தொங்குகின்றனவா என்பதே பல செய்திகளைச் சொல்லிவிடும்.

பறக்கப் பழகும் பிள்ளைக்கும் ஒரு சொல். புறப்படுமுன் விமானத்தைச் சுற்றி நடந்து பார்ப்பது மனப்பாடம் ஒப்பிக்கும் செயலன்று; ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்க்கும் செயல். என்ஜின் ஒலியில் ஏதோ மாறுபாடு என்று தோன்றினால், பயிற்றுநர் அவசரப்பட்டாலும், தேர்வு நாளாயினும், "இன்று இதில் பறக்கமாட்டேன்" என்று சொல்லும் துணிவு வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டு வீடு திரும்பும் பிள்ளையிடம், "இவ்வளவு பணம் கட்டியும் ஒரு நாள் வீணாயிற்றே" என்று நாம் சொல்லாதிருக்க வேண்டும். தரையில் நின்று "மேலே இருந்திருக்கலாமே" என்று ஏங்குவது, மேலே சென்று "தரையில் இருந்திருக்கலாமே" என்று ஏங்குவதைக் காட்டிலும் எவ்வளவோ மேல்.

பராமரிப்புத் தொழிலில் உள்ள நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். செய்ததை எழுதுங்கள், செய்யாததை அதைவிட முக்கியமாக எழுதுங்கள். முறை முடிந்து வீட்டிற்குப் போகும் அவசரத்திலும் அடுத்தவரை அழைத்து வேலையைக் காட்டி ஒப்படையுங்கள். பார்க்காத வேலைக்குக் கையொப்பமிடாதீர்கள். அமெரிக்காவில் 1976 முதல் விமானத் துறையினர் தம் தவறுகளை அஞ்சாமல் தெரிவிக்க ஓர் ஏற்பாடு உண்டு. தெரிவித்தவர் பெயர் மறைக்கப்படும். அவர் சொன்ன பாடம் மட்டும் எல்லோருக்கும் பரவும். தவற்றைச் சொன்னவனைத் தண்டித்தால், அடுத்தவன் தவற்றை மறைப்பான். மறைத்த தவறு ஒரு நாள் வானத்தில் வெளிப்படும்.

விமானத்தை உயரத் தூக்குவது என்ஜினும் காற்றுமே. அது நலமாய்க் கீழே வந்து சேர்வதற்கோ, முந்தின இரவு விளக்கொளியில் ஒருவர் கடைசித் திருகாணி வரை இறுக்கினாரா, இறுக்காததை எழுதி வைத்தாரா, மற்றொருவர் வந்து பார்த்தாரா என்பதே பொறுப்பு. அந்தக் கைகள் பொறுப்பறிந்தவை என்று தெரிந்தால் தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை. தெரியாவிட்டால் கேட்டறியும் உரிமை ஒவ்வொரு குடும்பத்திற்கும் உண்டு. கேட்க வேண்டிய கடமையும் உண்டு.